ஒரு வாளி கொசுறு

மறுபடியும் ஏணியில் ஏறிவிட்டான் பரணிதரன். இப்போதுதான் இறங்கினான். முகத்தைத் துடைத்த துண்டு தோளில் இன்னும் சரியாக உட்காரவில்லை, அதற்குள் திரும்ப மேலே. ஏணி உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சன்னல். அதில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்ப்பான். உள்ளே சுண்ணாம்புத் தண்ணீர் மழையாகக் கொட்டிக்கொண்டிருக்கும், அந்த மழைக்கு நடுவே பாய்லர் புகை நனைந்து நனைந்து மேலே போகும். "ஆங், குளிக்குது குளிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்குவான். தரையில் கால் பட்டதும் பம்பின் மேல் கை வைத்துச் சூடு பார்ப்பான், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. குழாய் மூட்டில் ஒரு விரலை ஓட்டுவான். வாசலுக்குப் போய் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்ப்பான். புகை வெள்ளை ஆவியாக, மலைக்கோயில் பக்கமாகச் சாய்ந்து போனால் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு பீடி நேரம்கூடத் தாங்காது. மறுபடி ஏணி.

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற சாலையில், கரும்பு லாரிகள் திரும்புகிற முக்குக்கு அப்பால் இருக்கிறது அந்தச் சாய ஆலை. நூலை வேக வைக்க ஆவி வேண்டும், ஆவிக்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்குக் கரி வேண்டும். கரியில் கந்தகம் இருக்கிறது. புகையை அப்படியே வெளியே விட்டால் தீபாவளி மறுநாள் தெருவில் அடிக்கிற வாசனை சுற்றுவட்டாரம் முழுக்க அடிக்கும். கண் எரியும். ஆலைக்குப் பின்னால் இருக்கிற மல்லித் தோட்டத்தில் இலை பழுத்து உதிரும். ஒரு கோடையில் உதிரவும் செய்தது. தோட்டக்காரர்கள் அடுப்பு, பாத்திரம், பிள்ளை குட்டியோடு வந்து கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் புகையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி அனுப்புகிற இந்தக் கோபுரம் வந்தது. ஸ்க்ரப்பர் என்று பெயர். பரணி அதைப் "புகை குளிக்கிற ரூம்பு" என்பான்.

குளிப்பாட்டுகிற வேலை அவனுடையது. அது லேசுப்பட்ட வேலை இல்லை. கோபுரத்தின் அடித்தொட்டியில் தேங்கும் தண்ணீரைத்தான் பம்பு திரும்பத் திரும்ப மேலே ஏற்றிப் பொழிய வைக்கிறது. அதில் சுண்ணாம்பு குறைந்தால் தண்ணீர் புளித்துப் போகும், கந்தகம் நனையாமல் தப்பித்துவிடும். கூடிப்போனால் காரை கட்டிக் குழாய் வாயெல்லாம் அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். புகைபோக்கியில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கந்தகம் வெளியே போகிறது என்று அது சென்னையில் இருக்கிற அதிகாரிகளுக்கே காட்டிக் கொடுத்துவிடும். அளவு மீறினால் பாய்லரை நிறுத்த வேண்டும். பாய்லர் நின்றால் ஆலையே நின்றது.

முன்பெல்லாம் பரணி ஒரு காகிதத் துண்டைத் தண்ணீரில் நனைத்து, அது மாறுகிற நிறத்தைப் பார்த்து, சுண்ணாம்புப் பாலை வாளியில் மொண்டு ஊற்றுவான். நனைப்பான், பார்ப்பான், ஓடுவான், ஊற்றுவான். ஒரு ஷிப்டு முழுக்க இதுவேதான். விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். புருவத்தில் வெள்ளை ஒட்டியிருக்கும். வீட்டுக்குப் போனால் மனைவி தேவயானி வாசலிலேயே நிறுத்தி, "கல்யாண வூட்டுக்கு வெள்ள அடிச்சிட்டு வரியா, உன் மூஞ்சிக்கு அடிச்சிகினு வரியா?" என்பாள்.

அந்த ஓட்டம் அவனுக்குப் பிடித்திருந்தது. உட்காருவது என்பதே அவன் உடம்புக்கு ஒத்துவராத காரியம். திருப்பதி பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருவான். சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்துக்காலிட்டு வைத்திருப்பான், யாரோ கூப்பிட்டால் எழுந்து ஓடுவதற்குத் தயாராக. "இந்தாய்யா, ஒக்கார்ற எடத்துல இன்னா முள்ளா கீது?" என்று தேவயானி கேட்காத நாள் இல்லை. "முள்ளு இல்லடி, வேல கீது" என்பான். என்ன வேலை என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது.

போன தையில் ஆலை முதலாளி அந்த ஓட்டத்துக்கு ஒரு முடிவு கட்டினார். அம்பத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கூட வந்த என்ஜினீயர் ஒரு பெண், மோனிகா என்று பெயர். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் எப்போதும் ஒரு ஸ்பானர், வெயிலுக்கு முகம் சுளிக்காத பிள்ளை. தொட்டிக்குள் நீளமாக ஒரு சென்சாரை இறக்கினாள். சுண்ணாம்புப் பாலை மெல்ல மெல்ல அனுப்புகிற சின்னப் பம்பு ஒன்றைப் பூட்டினாள். சுவரில் நம்பர் எரிகிற ஒரு பேனல் மாட்டினாள்.

"அண்ணா, இனிமே நீங்க ஓட வேணாம்" என்றாள். "சென்சார் தண்ணியிலயே நிக்கும். நம்பர் ஆறரைக்குக் கீழ எறங்குச்சுன்னா தண்ணி புளிக்குதுன்னு அர்த்தம், பம்பு வேகமா அனுப்பும். மேல ஏறுச்சுன்னா அதுவே நிறுத்திக்கும். நீங்க நம்பரை மட்டும் பார்த்துக்கிட்டு இருங்க. பேனலைத் தொடாதீங்க."

"எவ்ளோ அனுப்பும் மேடம்?"

"எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

"கரெக்டாவா?"

"கரெக்டா. ஒரு சொட்டு கூடாது, குறையாது."

சரி என்று தலையை ஆட்டினான். ஆனாலும் அந்தச் சொல் அவன் மனசில் எங்கேயோ போய்க் குத்திக்கொண்டது. ஒரு சொட்டு கூடாதாமே? அப்படியும் ஒரு கொடுக்கல் உண்டா?

அவனுடைய அம்மா பங்காரு மலையடிவாரத்தில் பூ விற்றவள். பங்காருவுக்குப் பிறந்த ஊர் பள்ளிப்பட்டு, வாயில் பாதி தெலுங்கு. முழங்கையால் அளந்து, நூலை அறுத்த பிறகு, வாங்குகிறவர் கையை நீட்டும்போது இன்னும் நாலு கண்ணிப் பூவைச் சேர்த்துச் சுருட்டிப் போடுவாள். "கொசரு" என்பாள். கேட்டவர்களுக்கும் போடுவாள், கேட்காதவர்களுக்கும் போடுவாள். அளந்ததை அளந்தபடி கொடுத்து அனுப்புவது அவளுக்கு வந்தவரை வாசலிலிருந்து துரத்துகிற மாதிரி. பரணி தவழ்ந்தது அந்தப் பூக்கூடை ஓரத்தில்தான். அதனால் அது அவன் ரத்தத்தில் இருந்தது. குக்கரில் நாலு விசில் போதும் என்று தேவயானி சொல்லிவிட்டுக் குளிக்கப் போனால், இவன் ஐந்தாவதையும் விட்டுத்தான் அணைப்பான். சோறு களியாகக் கிடக்கும். குழாயை மூடினால் மூடிய பிறகு ஒரு திருகு, அதில் இரண்டு குழாய் உடைந்து போயிருக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் ஒரு உதை. கிருத்திகைக்கு மலை ஏறினால் எல்லோரும் சுற்றுகிற சுற்றுக்கு மேல் ஒரு சுற்று. யாராவது சிரித்தால், "வுடு, அது கொசுறு" என்பான்.

அப்படிப்பட்டவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நம்பரைப் பார் என்றால்?

பார்த்தான். முதல் நாள் ஆறரை. ரெண்டாம் நாள் ஆறரை. நம்பர் கொஞ்சம் கீழே போகும், பம்பு டிக் டிக்கென்று அடிக்கும், நம்பர் வந்து பழைய இடத்தில் நிற்கும். கை கால் எல்லாம் அவனுக்கு நமநமவென்று இருந்தது. நாற்காலியைத் துடைத்தான். பேனல் கண்ணாடியைத் துடைத்தான். சென்சார் கம்பியை எட்டி நின்று முறைத்துப் பார்த்தான். ஏணியில் ஏறுவதை அதிகப்படுத்திக்கொண்டான். அப்படியும் ஷிப்டு முடிகிற நேரத்தில் ஏதோ பாக்கி வைத்துவிட்டுப் போகிற மாதிரி அரித்தது. ஒரு நாள் மதியம், கை கழுவப் போகிற வழியில், சுண்ணாம்பைக் கரைத்து வைக்கிற கலக்கித் தொட்டியிலிருந்து பால் ஒரு வாளி மொண்டு அடித்தொட்டியில் கவிழ்த்தான். உடம்பு அப்போதுதான் அடங்கியது. பேனலை அவன் தொடவில்லை. பேனலைத் தொடக் கூடாது என்றுதானே சொன்னார்கள்?

மறுநாளும் ஊற்றினான். அது பழக்கமாகிவிட்டது. அதில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. அவனுக்கு அடுத்த ஷிப்டில் வருகிறவர் அவன் பாவா. "பாவா வந்து ஒக்கார்றப்ப தொட்டி தெம்பா இருக்கட்டும்" என்று நினைத்துக்கொள்வான்.

பாவாவின் பெயர் தணிகைவேல். பங்காருவின் கூடப்பிறந்த அண்ணன் மகன். பரணியின் அக்கா கௌரியம்மாளைக் கட்டியவரும் அவரேதான். மாமன் மகன், அக்கா புருஷன் என்று ரெண்டு வழியிலும் பாவா. அவரும் அதே ஆலை, அதே ஸ்க்ரப்பர். ஆனால் பரணிக்கு நேர் எதிர். உட்கார்ந்தால் அம்மிக்கல் மாதிரி உட்காருவார். டீ வந்தால் ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடிப்பார். அவர் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. இளவயதில் பல வருஷம் பாய்லருக்குக் கீழே சாம்பல் குழியில் வேலை செய்தவர். சாம்பல் நெஞ்சில் தங்கிவிட்டது. வேகமாக நாலு அடி வைத்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். அரக்கோணத்து டாக்டர், இனி தூசிப் பக்கமே போகக் கூடாது என்று சொன்ன பிறகுதான் கெஞ்சிக் கூத்தாடி ஸ்க்ரப்பருக்கு மாற்றிக்கொண்டு வந்தார். மோனிகா வைத்த மெஷின் அவருக்குக் கடவுள் கொடுத்த மாதிரி. ஓட வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம். உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஆனால் அந்த மெஷின் அவர் ஷிப்டில்தான் கூவியது.

பரணி போய் ஒரு பொழுது ஆகும். பேனலுக்கு மேலே சிவப்பு விளக்கு சுழலும், சங்கு அலறும். புகைபோக்கியில் கந்தகம் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஆட்கள் ஓடிவந்து, சுண்ணாம்பு போகிற குழாயைத் தட்டிக் கம்பி விட்டுக் குத்தி எடுத்து, ஒரு வழியாகச் சரி செய்வார்கள். ரெண்டு நாள் விட்டு மறுபடி கூவும். மோனிகா வந்து பார்ப்பாள். அவள் வருவது காலையில், பரணி ஷிப்டில். அப்போது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அவளுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

ஆலையில் வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியுமா? "தணிகை ஒக்காந்தா மெஷினும் ஒக்காந்துக்குது பா" என்றார்கள். "கொறட்ட சத்தத்துல சென்சாருக்குத் தூக்கம் வந்துடுச்சு" என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். மேனேஜர் பிரேம்குமார் மட்டும் சிரிக்கவில்லை.

பரணிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. "என் டூட்டியில ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கூவியிருக்குதா சொல்லு" என்று தேவயானியிடம் கையை நீட்டிக் காட்டுவான். "கை ராசி. மெஷினுக்குக்கூட ஆளு தெரியுது பார்."

"ஆமா, அஞ்சாவது விசில் வுட்ட கைதான அது" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் கௌரியம்மாள் வந்தாள். வந்தவள் உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள். தம்பி வீட்டில் வந்ததும் உலை வைத்தாயா, பிள்ளை படிக்கிறதா என்று நாலு கேள்வி கேட்கிறவள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"டேய் பரணி. உங்க பாவாவ மேனேஜரு கூப்ட்டுப் பேசிக்கீறாரு. இன்னொரு வாட்டி கூவுச்சுன்னா சாம்பக் குழிக்கே திரும்பப் போவச் சொல்றாராம்."

"யாரு சொன்னது?"

"அவரே சொன்னாரு. சொல்லிட்டு சோத்துல கை வச்சிகினு அப்பிடியே ஒக்காந்துகினு கீறாரு. நைனா செத்த வருசம்கூட அந்த மனுசன் அப்பிடி ஒக்காரல." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "குழிக்குப் போனா திரும்பி வர மாட்டாருடா. உனுக்குத் தெரியும். ராத்திரியில அவரு இருமறத நீ கேட்டதில்ல, நான் கேக்கறேன். ஒன் டூட்டியில கூவலன்றாங்க, அவரு டூட்டியில கூவுதுன்றாங்க. நீ இன்னா பண்றியோ அத பாவாவுக்கும் பண்ணி வுடேன்டா."

"நான் பார்த்துக்கறேன்க்கா. நீ போ. நான் கீறேன் இல்ல?"

அவள் போன பிறகு அவனால் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. தெருமுனை வரை போனான், வந்தான். வண்டியைத் துடைத்தான். துடைத்த வண்டியை மறுபடி துடைத்தான். தேவயானி சாப்பிடக் கூப்பிட்டபோது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே தின்றான். "பாவாவுக்கு இன்னா பண்றது, இன்னா பண்றது" என்பதுதான் மனசில் ஓடியது. அவன் பாவாவுக்குச் செய்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதையே கொஞ்சம் கூடுதலாகச் செய்வது என்று முடிவு கட்டினான்.

மறுநாள் ஷிப்டு முடிகிற நேரம் ஒரு வாளிக்கு மூன்று வாளியாகக் கவிழ்த்தான். கெட்டியான பால். கவிழ்த்துவிட்டுத் தொட்டி ஓரத்தில் கையைத் துடைத்தபோது, வாசலில் பாவா வருவது தெரிந்தது.

"வா பாவா. ஜம்முனு கீது. நீ ஒண்ணும் பயப்படாத" என்றான்.

தணிகைவேல் தொட்டி ஓரம் நனைந்திருப்பதைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பரணி திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷரீப் கடையில் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆலையிலிருந்து யாரோ. சங்கு கூவி, அடங்காமல் கூவி, பாய்லரையே நிறுத்திவிட்டார்களாம். குழாய் இந்த முறை கம்பிக்கும் அசையவில்லையாம். பின்னால் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து கேட்டில் நிற்கிறார்களாம். தணிகைவேலை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம்.

"டியூப்பு இன்னும் ரொம்பல பாய், பரவால்ல" என்று சொல்லி, பாதிக் காற்றோடு வண்டியைத் திருப்பினான். அன்றைக்கு வண்டிக்குக் கொசுறு உதை இல்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது மோனிகாவும் வந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு ஆலையில் வேலையாக இருந்தவள், சேதி கேட்டு நேரே வந்துவிட்டாள். குழாயை யாரும் தட்டிச் சுத்தம் செய்வதற்கு முன்னால் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்பானரைப் போட்டு ஒரு துண்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். உள்ளே வெள்ளையாக, வாய் நிறைய, கல் மாதிரி இறுகியிருந்தது. மேனேஜர், பாய்லர்க்காரர்கள், எலக்ட்ரீஷியன் எல்லாரும் சுற்றி நின்றார்கள். தணிகைவேல் வீட்டுக்குப் போகவில்லை. சுவரோரம் நின்றிருந்தார், துண்டால் வாயை மூடி இருமிக்கொண்டு.

"தூங்கிட்டான் மேடம். நம்பர் எறங்கறதப் பார்க்கல" என்றார் பிரேம்குமார்.

"தூங்கலீங்க" என்றார் தணிகைவேல். "நம்பரையேதான் பார்த்துகினு இருந்தேன். வந்து ஒக்கார்றப்பவே ஒம்போதுக்கு மேல நிக்குது. பம்பு அடிக்கல. வேணாம்னு கம்முனு கீது போலன்னு இருந்தேன். ரொம்ப நேரம் அப்பிடியே நின்னுச்சு. அப்பால எறங்க ஆரம்பிச்சிது. பம்பும் அடிக்குது. ஆனா பாலு வரல."

மோனிகா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இவர் சரியாத்தான் சொல்றார் சார். சுண்ணாம்புப் பால் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் பால். நின்னா அடியில தங்கிடும். பம்பு அவ்ளோ நேரம் நின்னதால குழாய்க்குள்ள கல்லாயிடுச்சு. அப்புறம் தண்ணி புளிச்சப்ப அனுப்ப வழி இல்ல."

"அப்ப மெஷின்ல கோளாறா?"

"மெஷின் சரியாத்தான் நின்னிருக்கு. தொட்டியில ஏற்கெனவே சுண்ணாம்பு கூடுதலா இருந்தா அது நிக்கத்தானே செய்யும்?" அவள் தொட்டி ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். "யாரோ கையால ஊத்தியிருக்காங்க. இன்னிக்கு மட்டும் இல்ல. கூவுன நாள்ல எல்லாம் ஊத்தியிருக்கணும்."

பரணிக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துபோயிற்று. சங்கு கூவிய ஒவ்வொரு நாளும் வரிசையாக வந்து நின்றது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வாளி. அக்கா சொன்ன குழி. பாவாவின் சோற்றுத் தட்டு.

பிரேம்குமார் தணிகைவேல் பக்கம் திரும்பினார். "நீதான் பயந்துகினு வந்ததும் வராததுமா ஊத்தறியா? வாயத் தொறந்து சொல்லுய்யா. யாரு ஊத்தறது?"

தணிகைவேல் வாயைத் திறக்கவில்லை. நனைந்த தொட்டி ஓரத்தை மதியம் கண்ணால் பார்த்தவர் அவர். ஒரு பெயரைச் சொன்னால் போதும், அவர் தப்பித்துவிடுவார். அவர் பரணி பக்கமே திரும்பவில்லை. கழற்றி வைத்த குழாய்த் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண்டாட்டியின் தம்பியைப் பத்துப் பேர் நடுவே கை காட்டுகிற ஆள் இல்லை அவர். சாம்பல் குழிக்குப் போனாலும் போவார், காட்ட மாட்டார்.

"சொல்லலைன்னா நாளைலேந்து குழிதான்" என்றார் மேனேஜர்.

"ஆவட்டும்ங்க" என்றார் தணிகைவேல்.

"அய்ய, அவரு இல்லீங்க!" பரணியின் குரல் அவனுக்கே கத்தலாகக் கேட்டது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். "நான்தாங்க. நான்தான் ஊத்துனேன். தெனமும் போறப்ப ஒரு வாளி. இன்னிக்கு மூணு."

"எதுக்குய்யா?"

கைகள் ரெண்டும் காற்றில் அலைந்தன. "கொசுறுங்க" என்றான்.

யாரோ பின்னால் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். பிரேம்குமாரின் முகம் சிவந்தது. "தொடாதன்னு சொல்லியிருக்கா இல்லையா?"

"பேனலத் தொடலீங்களே" என்றான் பரணி பரிதாபமாக. "மெஷினு அளந்து அளந்து ஊத்துது. அளந்தபடியே வுட்டுட்டுப் போக மனசு வரலீங்க. அடுத்தாப்புல பாவா வராரு. அவருக்குத் தொந்தரவு இல்லாம இருக்கட்டும்னு..."

மோனிகா ஸ்பானரைக் கீழே வைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அண்ணா, கம்மியா ஊத்துறது மட்டும்தான் தப்புன்னு இல்ல. இதுக்குக் கூடுதலும் ஆகாது" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் குழாய்த் துண்டைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "இத உடைச்சு எடுங்க. பாய்லர் மறுபடி ஓடணும்."

அன்றைக்கு அவன் உளியை வைத்து அந்தக் கல்லைக் கொத்தி எடுத்தான். பாவா விளக்கைப் பிடித்தார். பாய்லர் மறுபடி ஏறி, பம்பு டிக் டிக்கென்று அடித்து, நம்பர் ஆறரையில் வந்து நின்ற பிறகுதான் கேட்டில் இருந்த பெண்கள் கலைந்தார்கள். பரணிக்கு மெமோ கொடுத்தார்கள். இன்னொரு முறை நடந்தால் கேட்டுக்கு வெளியே என்று சொன்னார்கள். தணிகைவேலுக்குக் குழி இல்லை என்று ஆயிற்று. கை ராசி என்ற பேச்சை அவன் வாயிலிருந்து அப்புறம் யாரும் கேட்கவில்லை.

கலக்கித் தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டிவிடலாமா என்று மேனேஜர் கேட்டார். தணிகைவேல்தான் தடுத்தார்.

"பூட்டு வேணாம்ங்க. பூட்டுனா இவன் சாவியத் தேடிகினு சுத்துவான். நான் பார்த்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அடுத்த நாள் தெரிந்தது. மதியம் ஷிப்டு மாறுகிற நேரம். பாவா வந்தார். வந்ததும் நாற்காலிக்குப் போகவில்லை. நேராக வந்து, கை கழுவிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருந்த பரணியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல் தொட்டியைத் தாண்டி, சுண்ணாம்பு மூட்டைகளைத் தாண்டி, கரிக் குவியல் ஓரமாக, தனக்கு மூச்சு வாங்காத தன் நடையிலேயே கேட்டு வரை நடத்திக்கொண்டு போனார். பரணி அவ்வளவு மெதுவாக நடந்தது அவன் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

லோடு இறக்குகிறவர்கள் விடுவார்களா? "இன்னா தணிகை, மாப்ளைய மணவறைக்கு இட்டுகினு போறியா?"

"தாலி கட்டுற நேரம் தப்பிடப் போவுது, வேகமா நடப்பா!"

"கம்முனு கெடங்கடா" என்றான் பரணி. காது மடல் சிவந்துபோயிற்று. ஆனால் கையை உதறவில்லை.

கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு, "போ. நேரா வூட்டுக்குப் போ. அக்காகிட்ட சொல்லு, தொட்டி நல்லா கீதுன்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார் பாவா. குழாய் அடைத்த பிறகு அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

தினமும் அப்படியே நடந்தது. கேலி பேசியவர்களுக்கே அலுத்துப் போயிற்று. சங்கு கூவவில்லை. ஷிப்டு முழுக்க பரணி ஏணியில் ஏறுகிறான், இறங்குகிறான், பம்பைத் தொட்டுப் பார்க்கிறான், புகையை அண்ணாந்து பார்க்கிறான். அதை நிறுத்த எந்த மெஷினும் வரவில்லை. ஷிப்டு முடிகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவனுக்குக் கண்டம். கை நமநமக்கும். கால் தொட்டிப் பக்கம் தானாகத் திரும்பும். அப்போது பாவா வந்துவிடுவார்.

போன வாரம் ஒரு நாள் பஸ் தாமதம். தணிகைவேல் வேர்த்து விறுவிறுத்து, இருமிக்கொண்டே உள்ளே வந்தார். நம்பரைப் பார்த்தார். ஆறரை. இனிமேல் இவனைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, வளர்ந்துவிட்டான் என்று நினைத்தாரோ, இருமலில் மறந்துதான் போனாரோ, "சரி, நீ கெளம்பு" என்று சொல்லிவிட்டுப் பேனலுக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

பரணி கிளம்பவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றான். தொட்டியில் தண்ணீர் சுழலும் சத்தம் கேட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். பாவா தண்ணீர் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தான். பிறகு பக்கத்தில் போய், வலது கையை அவர் முன்னால் நீட்டினான், பிடித்துக்கொள்ளத் தோதாக மணிக்கட்டைத் திருப்பி.